கடுகு வெடிக்கிற சத்தம்

சம்பூர்ணம் வேலூரிலிருந்து திரும்பி ஓரிக்கை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மெக்கானிக் ஷெட்டு பூட்டியிருந்தது. பகல் பதினோரு மணி. கத்திரி வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த நேரத்துக்கு அந்தத் தகரக் கதவு சாத்தியிருந்து அவள் பார்த்ததில்லை. மாமனார் செத்த அன்றைக்குக்கூட, சொந்த ஊரான கூரத்தில் அடக்கத்தை முடித்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற யாருடைய வண்டியோ நிற்கிறது என்று சாயங்காலம் கதவைத் திறந்தவன் அவள் புருஷன் இளங்கோவன்.

மகள் ஜோதிகாவுக்கு ரெண்டாவது பிரசவம். அதற்காகப் போய் இருபது நாள் வேலூரில் இருந்துவிட்டு வருகிறாள். போனில் பேசும்போதெல்லாம் இளங்கோவன் நல்லாத்தான் பேசினான். ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எதிர்ப்பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் லோகேஸ்வரன் அவளைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தான்.

"அண்ணி, இப்பதான் வரீங்களா? கொழந்த நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுபா. ஷெட்டு ஏன் பூட்டி இருக்குது?"

அவன் பையை வாங்கி நிழலில் வைத்தான்.

"நாலு நாளா பூட்டிதான் இருக்குது அண்ணி. சின்ன காஞ்சிபுரத்துல ராம்ப்ரஸாத்னு ஒருத்தர் இருக்காரு இல்ல? பெங்களூர் கம்பெனி வேல. அவங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேசன் ஆனதுல இருந்து இங்கயே வந்து வூட்ல இருந்தே வேல செஞ்சிக்கினு இருக்காரு. அவரு ஒரு கார் வாங்கினாரு. செகண்ட் ஹேண்டுதான், ஆனா டர்போ வச்ச வண்டி, அழுத்தினா பறக்கும். ஏதோ சத்தம் வருதுன்னு அத்த எடுத்தாந்து அண்ணன்கிட்ட காட்டினாரு. அண்ணன் பக்கத்துல உக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, வண்டி பட்டு மாதிரி இருக்குது, ஒண்ணும் இல்ல போங்கன்னுட்டாரு."

"உம்."

"சென்னைக்கு எடுத்துக்கினு போயிருக்காரு. ஓட்டிப் பாத்த ஒடனே அங்க சொல்லிட்டாங்களாம், இஞ்சின் தட்டுது, பிஸ்டன் போயிடும், முழுசா பிரிக்கணும்னு. இம்மாஞ் சத்தம் உங்க ஊரு மெக்கானிக்குக்குக் கேக்கலியான்னு சிரிச்சாங்களாம். அவரு திரும்பி வந்து அண்ணன்கிட்ட கேட்டாரு. சண்டையெல்லாம் போடல. 'நிஜமாவே உங்களுக்குக் கேக்கலியா?' அவ்ளோதான். டிராவல்ஸ் பரமசிவம் அப்ப இங்கதான் நின்னுக்கினு இருந்தாரு. அன்னிக்கே அவரு மூணு வண்டியயும் எடுத்துக்கினு போயிட்டாரு. ஊருக்குள்ள இப்ப செவிட்டு மெக்கானிக்குன்னு..." அவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

சம்பூர்ணம் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ரெண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். முதலில் போன் மணி கேட்கவில்லை, அப்புறம் குக்கர் விசில். காது டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவர் சொன்னார்: சுத்தியல், கிரைண்டர், சைலன்சர் இல்லாத இஞ்சின் என்று நாற்பது வருஷம் கேட்ட காது, கனத்த சத்தம் இன்னும் கேட்கும், மெல்லிசான சத்தம்தான் முதலில் போகும், மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று. இளங்கோவன் ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டர் கண்ணாடி போட்டா எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான் சம்பூ. மெக்கானிக் காதுல மிஷின் மாட்டினா எவன் நம்பி வண்டிய வுடுவான்?" என்றான்.

அன்றிலிருந்து அவள்தான் அவன் காது. வண்டி வந்தால் பானெட் பக்கத்தில் துணியோடு வந்து நிற்பாள். பெல்ட் கத்தினால் அவன் தோளில் ஒரு தட்டு. வால்வை இயக்குகிற டேப்பெட் தட்டினால் ரெண்டு. பேரிங் என்றால் கையை வைத்து அழுத்துவாள். பார்க்கிறவர்களுக்குப் பெண்டாட்டி ஏதோ சாமான் எடுத்துக் கொடுக்கிறாள் என்றுதான் தோன்றும். கல்யாணத்துக்கு முன்னால் தறி வீடுகளுக்கு ராட்டை சுற்றியவள் அவள். ஆறு ராட்டை ஒரே நேரத்தில் ஓடும்போது எதில் இழை அறுந்தது என்று தலை நிமிராமல் சொல்லுவாள்.

இளங்கோவன் வாசல் வேப்பமரத்தடியில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"வா. கொழந்த யார் ஜாடை?"

அவன் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தாள். உதடு தெரிந்தால்தான் அவனுக்குப் பேச்சு முழுசாகப் போய்ச் சேரும்.

"ஓன் ஜாடைதான். நான் இல்லாதப்ப ஏன்யா அந்த வண்டியில ஏறின?"

சிரிப்பு போய்விட்டது. கடலைத் தோலை ஊதினான்.

"இன்னா சொல்லச் சொல்ற? பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா, வந்தப்புறம் பாக்கலாம்னா?"

"சொன்னா இன்னா?"

"அவங்க தாத்தா நெலத்துலதான் எங்கப்பன் நாத்து நட்டாரு. கூலிய வாங்க வரப்புல நிப்பாரு, நானும் கூட நின்னுக்கீறேன். அந்த வூட்டுப் புள்ள எம் ஷெட்டுல வந்து, நீங்க பாத்துச் சொன்னா சரின்னு நிக்குது. அந்த எடத்துல எனக்குக் கேக்கலன்னு எப்படி வாய் வரும்? கனத்த சத்தம் எதுவும் இல்ல. சரி, ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சிட்டேன். நெனச்சது தப்பு."

அவள் எழுந்தாள். உள்ளே போய் வேலூரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை ஆய்ந்து, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். எண்ணெயில் கடுகு வெடித்தது. அடுப்பை அணைத்து மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?"

"வந்து சொல்றேன். நீ சாப்பிட்டுட்டு ஷெட்டத் தொற."

சின்ன காஞ்சிபுரத்தில் வைகாசித் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரன் உள்ளே போகாது என்றுவிட்டான். பாதித் தெரு மூங்கிலைத் தாண்டித் தாண்டி நடந்தாள். ராம்ப்ரஸாத் வீட்டு வாசலில் அந்த வண்டி நின்றது. நீலக் கலர், தரையோடு தரையாகப் படுத்த மாதிரி.

கேட் பக்கம் நாற்காலியில் முட்டிக்குப் பட்டை கட்டிய அம்மாள் உட்கார்ந்திருந்தார். ராம்ப்ரஸாத்தின் தாய் ஸுபத்ரா.

"யாரும்மா?"

"ஓரிக்கை மெக்கானிக் இளங்கோவன் வூட்டுக்காரிங்கம்மா. சாரைப் பாக்கணும்."

ராம்ப்ரஸாத் கழுத்தில் ஹெட்போனோடு வெளியே வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"உள்ள வாங்கோ."

"இருக்கட்டும் சார். வண்டிய எப்ப சென்னைக்கு வுடப்போறீங்க?"

"திங்கக்கிழமை. எஞ்ஜினைப் பிரிச்சே ஆகணும்னு சொல்றா."

"அதுக்கு முன்னால ஒரு தரம் நான் ஏறிக் கேக்கணும்."

"நீங்களா?"

"நான்தான். கால் மணி நேரம் போதும்."

"அவர் ஒண்ணுமே இல்லேன்னு சொன்னாரே."

"அவரு சொன்னது தப்பு சார். அத்தச் சொல்லிட்டுதான் கேக்க வந்தேன். நான் ஏறியும் இன்னா ஏதுன்னு சொல்ல முடியலன்னா நீங்க சென்னைக்கே எடுத்துக்கினு போங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். ஸுபத்ரா, "கூட்டிண்டு போயிட்டு வாயேன்டா. இந்த வெயில்ல நடந்து வந்திருக்கா," என்றார்.

முன் கதவை அவன் திறந்துவிட்டதும் சம்பூர்ணம் ஒரு நிமிஷம் தயங்கினாள். கையை எத்தனை தரம் கழுவினாலும் கருவாட்டு வாடை லேசில் போகாது. போகாவிட்டால் போகட்டும் என்று ஏறி உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏசிய முழுசா வைங்க. எம்பக்கம் கண்ணாடிய எறக்குங்க."

"ஏசி போட்டுட்டுக் கண்ணாடியை இறக்கறதா?"

"ஏசி போட்டாதான் இஞ்சினுக்கு பாரம். கண்ணாடி எறக்கினாதான் எனக்குக் கேக்கும். ஓரிக்கை ரோட்டுல ஒரு நூல் குடோன் இருக்குது பாருங்க, நீளமா மதில் போகுமே, அதை ஒட்டிப் போங்க. இஞ்சின் சத்தம் மதில்ல பட்டு நம்மகிட்டயே திரும்பி வரும்."

மதில் வந்தது. மூணாவது கியரில் மெதுவாகப் போகச் சொல்லி, "இப்ப ஒரேடியா அழுத்துங்க" என்றாள். வண்டி ஒரு மூச்சு இழுத்துப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலின் ஆரம்பத்தில், கனத்த உறுமலுக்கு மேலே, மெல்லிசாக ஒரு சடசடப்பு. எண்ணெயில் போட்ட கடுகு வெடிக்கிற மாதிரி. வேகம் ஏறியதும் அடங்கிவிட்டது.

"கேட்டுச்சா?"

"இல்லியே."

"திருப்பிக்கினு வாங்க. ரோடு உறுமறத வுட்டுடுங்க. கடுகு வெடிக்கிறத மட்டும் கேளுங்க."

மூன்றாவது தரம் அவனுக்கும் கேட்டது. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்துகொண்டது.

"காலையில வருதா?"

"காலைல வர்றதில்லை. மத்தியானம் வெயில்லதான்."

"அப்ப பேரிங்கும் இல்ல, கனெக்டிங் ராடும் இல்ல. அதுங்களுக்குக் காலையும் மத்தியானமும் ஒண்ணுதான். ஷெட்டுக்கு வுடுங்க."

ஷெட்டு திறந்திருந்தது. இளங்கோவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நீல வண்டியில் முன் சீட்டில் அவள் வந்து இறங்கியதைப் பார்த்து ஒரு கணம் அசையவில்லை. அவள் நேரே அவன் எதிரில் போய் நின்றாள்.

"நான் கேட்டுட்டேன். கடுகு மாதிரி வெடிக்குது. மூணாவது கியர், இஞ்சின் சுத்து ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரம் வரைக்கும், முழுசா அழுத்தினா மட்டும். ஏசி போட்டா ஜாஸ்தி. காலையில இல்ல, வெயில்ல வருது. இனிமே உன் வேல."

அவன் ராம்ப்ரஸாத்தைப் பார்க்கவில்லை. பானெட்டைத்தான் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறியது. பசித்தவன் இலையைப் பார்க்கிற பார்வை அது. "இஞ்சின் ஆறட்டும்," என்றான்.

ஆறுகிற வரைக்கும் சம்பூர்ணம் சொம்பில் மோர் கரைத்துக் கொண்டுவந்தாள். ராம்ப்ரஸாத் பழைய டயர் மேல் உட்கார்ந்து வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டான்.

இளங்கோவன் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வெள்ளைத் துணியில் வைத்தான். ஒன்றை எடுத்து வெயிலுக்குப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இங்க வாங்க தம்பி. வெள்ளைப் பீங்கான்ல மிளகுப் பொடி தூவின மாதிரி தெரியுதா? அதுல ஒண்ணு ரெண்டு மின்னுது பாருங்க. அது பிஸ்டன் அலுமினியம். இப்பதான் அரிக்க ஆரம்பிச்சிருக்குது. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டி இருந்தா, சென்னைக்காரன் சொன்னது நடந்திருக்கும்."

வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்குக் கம்பெனி வச்ச டர்போ அழுத்தம் எனக்குத் தெரியும். இதுல அதுக்கு மேல காட்டுது. சாஃப்ட்வேர எவனோ மாத்தி இருக்கான். பெட்ரோல் எங்க போடறீங்க?" என்றான்.

"ரங்கசாமி குளத்துப் பக்கம் ஒரு பங்க். அப்போ கலப்படமா? அங்க போய்க் கேட்டுடறேன்."

"இருங்க. தப்பு பண்ணாதவங்களைப் போயிக் கேட்டா அது இன்னா ஞாயம்? பாத்துட்டுப் பேசுவோம்."

மூன்று பேருமாகப் போனார்கள். பங்க்கில் நதியா என்கிற பெண் நின்றிருந்தாள். கேட்டதும் முகம் சுளிக்காமல் கண்ணாடி ஜாடியும் அடர்த்தி பார்க்கிற மிதவையும் எடுத்துவந்தாள். வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு கறையில்லாமல் பறந்துவிட்டது. ஜாடியில் தண்ணீர் இல்லை. வெயிலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்த அடர்த்தியும் போர்டில் எழுதியிருந்ததும் ஒன்றுதான். "எங்க பெட்ரோல்ல கொற இல்ல சார்," என்றாள் நதியா, ஜாடியைத் துடைத்தபடி.

"கொற இல்லம்மா," என்றான் இளங்கோவன். ராம்ப்ரஸாத்திடம் திரும்பினான். "பெட்ரோல் சுத்தமா இருக்கறது ஒண்ணு. ஆக்டேன் வேற ஒண்ணு. இது தொண்ணூத்தியோரு ஆக்டேன்."

"அது பெரிய நம்பரா இருந்தா பவர் ஜாஸ்தி, அவ்வளவுதானே? விளம்பரத்துக்குப் போடறான்னு நினைச்சேன்."

"பவர் இல்ல தம்பி, பொறுமை. இஞ்சினுக்குள்ள காத்தையும் பெட்ரோலையும் போட்டு அமுக்குறோம். அமுக்கினா சூடாவும். பிளக்கு பொறி வச்சி, அங்க இருந்து நெருப்பு ஒழுங்கா பரவணும். அதுக்குள்ள மூலையில இருக்கற பெட்ரோல் தாங்க முடியாம தானே பத்திக்கிச்சுன்னா, அந்த வெடிதான் பிஸ்டன் தலையில அடிக்குது. எவ்ளோ அமுக்கினா தாங்கும்னு சொல்றதுதான் அந்த நம்பரு. என் மொபெட்டுக்கு நூறு ஆக்டேன் ஊத்தினா காசுதான் தண்டம், ஒரு கிலோமீட்டர் ஜாஸ்தியா ஓடாது. உங்க வண்டியில டர்போ அமுக்குது, சாஃப்ட்வேர மாத்தினவன் இன்னும் அமுக்கி வச்சிருக்கான், மேல கத்திரி வெயிலு. இதுக்குத் தொண்ணூத்தியொண்ணு தாங்காது."

"தட்டினா கண்டுபிடிக்க சென்சார் இருக்குமே."

"இருக்குது. அதும் பொறி வைக்கற நேரத்தக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வச்சித்தான் பாக்குது. அதனாலதான் இவ்ளோ நாள் பிஸ்டன் பொழச்சிது. வித்தவர்கிட்ட போன் போட்டுக் கேளுங்க."

ராம்ப்ரஸாத் அங்கேயே வெயிலில் நின்று பெங்களூருக்குப் பேசினான். முதலில் சுற்றி வளைத்துப் பேசிய அந்த ஆள் கடைசியில் ஒப்புக்கொண்டான். ரீமேப் பண்ணி சாஃப்ட்வேர் மாத்தின வண்டிதான். நூறு ஆக்டேன் மட்டும்தான் போட்டு ஓட்டினேன், சொல்ல மறந்துட்டேன், ஸாரி என்றான். ராம்ப்ரஸாத் போனை வைத்துவிட்டு இளங்கோவனைப் பார்த்தான். பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றான்.

ஷெட்டுக்கு வந்து டேங்கில் நாலு லிட்டரை மட்டும் விட்டு மிச்சத்தை இறக்கினார்கள். அதை லோகேஸ்வரனுடைய ஆம்னி வேனில் ஊற்றச் சொன்னான் இளங்கோவன். லோகேஸ்வரன் பயந்தான். "இந்த பெட்ரோல்தானே அண்ணே இஞ்சினை அரிச்சிது?" "உன் வண்டிக்கு இது அமிர்தம்பா. ஊத்து." இளங்கோவன் புதுப் பிளக் நாலு மாட்டினான். மறுநாள் விடியற்காலை வெயில் ஏறுமுன், அழுத்தாமல் மெதுவாக ஹைவே வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் அங்கே ஒரு பங்க்கில் நூறு ஆக்டேன் நிரப்பி வந்தான் ராம்ப்ரஸாத். "எல்லா நேரமும் இது கெடைக்காது தம்பி. கெடைக்காத ஊர்ல இருக்கறதுன்னா, சாஃப்ட்வேரைக் கம்பெனி வச்ச மாதிரியே திருப்பி வச்சிக்கோங்க. கொஞ்சம் வேகம் கொறையும், இஞ்சின் இருக்கும்," என்று இளங்கோவன் சொல்லிவைத்தான்.

பகல் ஒரு மணிக்கு, வெயில் உச்சியில் நிற்கும்போது, சோதனைக்குப் போனார்கள். சம்பூர்ணம் முன் சீட்டில், இளங்கோவன் பின்னால். ஏசி முழுசாக. அவள் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. மதில் வந்ததும் ராம்ப்ரஸாத் அழுத்தினான். சீட்டோடு அவளை அறைந்த மாதிரி வண்டி பாய்ந்தது. அனல் காற்று முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உறுமல் மட்டும் மதிலில் மோதித் திரும்பி வந்தது. வேறொன்றும் இல்லை. இன்னொரு தரம் என்றாள். நாலாவது கியரில் ஒரு தரம் என்றாள். ஐந்து தரம் மதிலோரம் போய் வந்தார்கள்.

கண்ணைத் திறந்து முன்னால் தொங்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். பின் சீட்டிலிருந்து இளங்கோவன் ரோட்டையும் பார்க்கவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தான். கேட்டவள் அவள்தான். ஆனால் கேட்டதை வைத்து, முகம் தெரியாத எவனோ வண்டிக்குள் மாற்றி வைத்ததை இந்த ஊரில் இருந்துகொண்டே இவன் கண்டுபிடித்துச் சொன்னானே, அது எத்தனை பேரால் முடியும் என்று நினைத்தாள்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது ஏழெட்டு பேர் இருந்தார்கள். லோகேஸ்வரன் சும்மா இருந்திருக்க மாட்டான். டிராவல்ஸ் பரமசிவமும் வந்து வேலியோரம் நின்றிருந்தார். ராம்ப்ரஸாத் இறங்கியதும் அவரிடமே போனான்.

"சார், அன்னிக்கு உங்க முன்னாடிதான் கேட்டேன். அதனால உங்க முன்னாடியே சொல்லிடறேன். எஞ்ஜினைப் பிரிக்க வேண்டாம். இவர் காது விஷயத்துல நான் கேட்டது தப்பு. இவர் காதுக்கு ஒண்ணும்..."

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி," என்றான் இளங்கோவன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றான். சம்பூர்ணம் அவன் தோளைத் தொடப் போனாள். அவன் தலையசைத்து வேண்டாம் என்றான்.

"நீங்க கேட்டது சரிதான். எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா மெல்லிசு சத்தம் எதுவும் கேக்காது. அன்னிக்கு அத்தச் சொல்லாம, ஒண்ணும் இல்லன்னு சொன்னதுதான் எந்தப்பு. ரெண்டு வருஷமா இந்த ஷெட்டுல வண்டியக் கேக்கறது அவ. அவ கேட்டுச் சொல்வா, நான் பாத்துச் செய்வேன். பரமசிவம், உன் மூணு வண்டியும் இத்தன நாளா ஓடினது அவ காதுல. மறைச்சி வச்சது எனக்கு வெக்கமா இருந்ததால. இப்ப இல்ல. மிஷினும் வாங்கி மாட்டிக்கப் போறேன். மாட்டினாலும் கேக்கறது அவதான். அது பிடிக்காதவங்க வேற எடம் பாத்துக்கலாம்."

ரோட்டில் ஒரு மணல் லாரி போனது. ராம்ப்ரஸாத் சம்பூர்ணத்தைப் பார்த்துக் கை குவித்தான். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளும் கையைக் குவித்தாள்.

பரமசிவம் மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு தான் வந்த வண்டியின் சாவியை எடுத்தார். எடுத்த சாவியை இளங்கோவனிடம் நீட்டப் போனவர், பாதி வழியில் கையைச் சம்பூர்ணம் பக்கம் திருப்பினார்.

"வெள்ள வண்டியிலம்மா, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா ஏதோ கரகரங்குது. எந்தப் பக்கம்னு எனக்குப் புரியல."

சம்பூர்ணம் சாவியை வாங்கவில்லை. "நீங்களே ஓட்டுங்கண்ணே. மெதுவா, எட்டுப் போடற மாதிரி ஓட்டணும்," என்று சொல்லிக்கொண்டே முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள். இளங்கோவன் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து, அவர்கள் திரும்பி வருவதற்குள் தயாராக இருக்க வேண்டும் என்று, தரையில் எண்ணெய் சிந்தியிருந்த இடத்தில் மணலைப் போட்டுக் கூட்ட ஆரம்பித்தான்.